இடைவிலகிய மாணவனுக்கு எஞ்சுவது யாது?

ஆயுட் காப்புறுதி செய்த ஒருவர் சில ஆண்டுகளின் பின் பணம் செலுத்த இயலாது நிறுத்திவிடுகின்றார் என்று கொள்வோம். பத்திரத்தை ஒப்படைத்து அவர் ஒரு தொகையைப் பெறலாம். அதனை ஒப்படைப்புப் பெறுமதி என்பர். இவ்வணிகச் சொல்லை மொழிப்பாடத்திற்கு எடுத்தாண்டவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர்.

1888ஆம் ஆண்டிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கற்று, இந்தியக் கல்விச் சேவையிற் புகுந்த வெஸ்ட், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். இன்று வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்கா அக்காலத்திற் பிரித்தானிய இந்தியாவுக்கு உட்பட்டிருந்தது. வங்காளத்துச் சிறுவருட் பெரும்பாலோர் படிப்பை முடியாமலே பாடசாலையை விட்டு நீங்கினர். ஆங்கிலப் பாடமோ இறுதிப் பரீட்சைவரை செல்வோனை மனத்திற்கொண்டே அமைந்திருந்தது. பாதியில் நின்ற பாலத்தால் ஆற்றைக் கடத்தல் எங்ஙனம்? ஈராண்டு கற்று விலகிய சிறுவன் ஆங்கிலத்திற் பேசவும் மாட்டான்; ஒரு சிறு கதையைத் தானே படித்தறியவும் மாட்டான். அவ்வவ்வாண்டுக் கல்வி அவ்வவ்வாண்டே பயன் தரவேண்டும் என வெஸ்ட் 1926இல் வெளிவந்த தமது இருமொழி ஆய்வு நூலில் வாதித்தார்.

அவர் கண்ட வழி வாசிப்பு. பேசுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். வாசிப்பதற்குப் புத்தகம் ஒன்றே போதும். பாடசாலையை விட்ட பின்னரும் அது கைகொடுக்கும். பழைய வாசிப்பு நூல்களிலே புதுச்சொற்கள் பக்கந்தோறும் நெருங்கிக் கிடந்தன. அவற்றுட் பல அன்றாட வழக்கில் அரியவை. வெஸ்ட் பெருவழக்குச் சொற்களை முற்படுத்தினார். புதுச்சொற்களை இடைவிட்டுப் புகுத்தி, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் கண்ணிற் படுமாறு கதைகளை அமைத்தார். 1935இல் எண்டிகொற் என்பாருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, ஏறக்குறைய 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. அகராதி பார்த்தபின் அதன் விளக்கத்திற்கு வேறோர் அகராதி தேடியவர்கள் இதன் அருமையை உணர்வர்.

மறுப்பும் எழாமலில்லை. டோக்கியோவிற் பணியாற்றிய ஹரோல்ட் பாமர், செவியும் நாவும் முதலிற் பழகவேண்டும் என்றார். கந்தோர் உத்தியோகத்தை நாடிய குடும்பங்களுக்கும் வாய்பேசாத ஆங்கிலம் மனநிறைவு தந்திராது. வெஸ்டின் கொள்கையில் இஃது ஒரு குறையே. ஆயினும் சொற்றெரிவில் இருவரும் ஒன்றுபட்டு, 1934இல் நியூயோர்க்கிற் கூடிய மாநாட்டிலே கலந்துகொண்டனர். அம்முயற்சியின் வழிவந்ததே 1953இல் வெஸ்ட் பதிப்பித்த, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியல். ஒரு சொல்லின் எப்பொருள் எத்துணை வழக்குடையது என்பதையும் அது காட்டிற்று.

1973இல் மறைந்த வெஸ்ட், தமது எழுபத்திரண்டாம் ஆண்டளவில், 1960இல், மற்றுமொரு நூலை வெளியிட்டார். வாங்குகளில் நெருக்கியிருக்கும் நாற்பது ஐம்பது பிள்ளைகள், வெப்பம் மிகுந்த நாடு, தாமே ஆங்கிலத்தைச் சரளமாகப் பேச இயலாத ஆசிரியர்: இத்தகைய வகுப்புக்கென்றே அந்நூல் எழுதப்பட்டது.