தூணில் உருவம் இல்லை

கீழக்கரை ஜும்மா பள்ளிக்குள் நுழைகிறவர்கள் முதலில் சொல்வது, "அட, கோயில் மாதிரியே இருக்கிறதே!" என்பதுதான். கிழவன் சேதுபதி ராமநாதபுரத்தை ஆண்ட 17ஆம் நூற்றாண்டில், சீதக்காதி என்று நாம் அறிந்த வள்ளல் பெரியதம்பி மரைக்காயர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கற்பள்ளி இது. அந்த வியப்பில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தூண், அதன்மேல் போதிகை, போதிகைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் பாவிய கல் பலகை என்கிற இந்த அடுக்கு கோயிலுக்கு மட்டும் உரியதல்ல, கல்தச்சருடையது. கருங்கல் மேலிருந்து அழுத்தும் பெருஞ்சுமையைத் தாங்கும். நீளமாக நீட்டினால் முறிந்துவிடும். அதனால் உத்திரம் குட்டையாகிறது, தூண்கள் நெருங்குகின்றன. கூரைக்கடியில் நிற்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கல்லுக்கு இந்தக் கணக்கு மாறாது. தொழுகை வரிசையைத் தூண் குறுக்கிடும் என்றாலும், கடல்வணிக முஸ்லிம்களான மரைக்காயர்கள் இந்த முறையை ஏற்றார்கள்.

"கோயில் தூண்களைப் பெயர்த்து வந்து நட்டிருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பெயர்த்து நட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு டெல்லி குதுப்மினார் அருகே குவ்வத்துல் இஸ்லாம் பள்ளி இருக்கிறது. 27 கோயில்களின் கல்லைக் கொண்டு கட்டியதாக அதன் வாயில் கல்வெட்டே சொல்கிறது. அங்கே உயரம் போதாமல் தூண்மேல் தூண் ஏற்றியிருக்கிறார்கள். உருவங்களின் முகங்கள் செதுக்கி எறியப்பட்ட தழும்பும் தெரிகிறது. கீழக்கரையில் அப்படியில்லை. கோயில் தூணில் தெய்வமோ யாளியோ வந்திருக்கும் சதுரத்தில், இங்கே பூவும் கொடியும் கோலம்போன்ற கட்டங்களும்தான். இது அழித்த இடமல்ல, உளி எடுக்கும் முன்பே முடிவு செய்த இடம்.

குவிமாடமும் மினாராவும் இல்லாவிட்டால் பள்ளிவாசலாகுமா என்பது இன்னொரு கேள்வி. மதீனாவில் நபிகள் கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரமே தூண், அதன் ஓலையே கூரை, மினாராவும் கிடையாது. ஊரில் கிடைத்ததை வைத்துக் கட்டுவது அன்றே தொடங்கிய வழக்கம். அரபு நாடுகளோடு கடல்வழி உறவாடிய மரைக்காயர்களுக்கு அயல்நாட்டுப் பாணி தெரியாமல் இல்லை. கையருகே கைதேர்ந்த தச்சர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கீழக்கரை போனால், தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். அண்ணாந்து அந்தப் போதிகைகளைப் பாருங்கள். சீதக்காதி அடங்கியிருப்பதும் அந்தப் பள்ளியை ஒட்டித்தான்.