ஒரே வகுப்பில் யார் பேசுவது?

1967இல் லியோனார்டு ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிக்கு என்ன தேவை என்று செவிலியருக்குத் தெரியும். ஆனால் அதை நேராகச் சொல்லக் கூடாது. மருத்துவருக்கே தோன்றியதுபோல் ஜாடையாக உணர்த்த வேண்டும். இதற்கு ஸ்டைன் வைத்த பெயர் 'மருத்துவர்-செவிலியர் விளையாட்டு'. படிக்கும் காலத்திலேயே இரு தரப்பும் இதற்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன என்றும் சொன்னார். வீட்டில் ஆண்களிடம் இப்படித்தானே நாமும் பேசப் பழகினோம் என்று எனக்குத் தோன்றியது.

1978இல் அல்மா-ஆட்டா பிரகடனம் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி, சமூக நலப் பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக இயங்கப் பயிற்சி பெற வேண்டும் என்றது. 1986இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் பல துறை மாணவர்களையும் தொடக்கத்தில் ஒன்றாகப் படிக்கவைத்தது. சேர்ந்து பணியாற்றச் சேர்ந்து கற்போம் என்று 1988இல் உலக சுகாதார நிறுவனமும் அறிக்கை வெளியிட்டது.

ஆனால் 2019இல் அதே நிறுவனம் தந்த கணக்கைப் பாருங்கள்: உலகின் நலவாழ்வு, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பொறுப்புகளிலோ 25 சதவீதம்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சமம் வந்துவிடாது. பாடத்திட்டத்தை யார் வகுக்கிறார்கள், விவாதத்தில் முதலில் யாரைப் பேச அழைக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். "இந்த மருந்தளவு தவறு" என்று செவிலிய மாணவி நேராகச் சொல்லவும், மருத்துவ மாணவர் அதை முகம் சுளிக்காமல் கேட்கவும் அங்கே பழக வேண்டும். ஜாடை புரியாமல் போனால் போவது நோயாளியின் உயிர்.