பெல்கிரேட்டில் மிஞ்சிய ஒரு பள்ளிவாசல்

ஐரோப்பாவில் படிக்கின்ற என் மருமகன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, மூணு நாள் லீவு. கூட்டாளிமாரோட பெல்கிரேட் போறன். அங்க பாக்குறதுக்கு என்ன இரிக்கி? முன்னூறு வருசத்துக்கு மேல துருக்கியர் ஆண்ட ஊராம். ஆனா அந்தக் காலத்துப் பள்ளி ஒண்டே ஒண்டுதான் மிஞ்சி இரிக்காம்."

ஆற்றில் மிதக்கும் இரவு விடுதிகள், ஸ்கதார்லியா தெருவின் உணவகங்கள், கோட்டையில் நின்று பார்க்கும் அஸ்தமனம் எல்லாம் எந்தப் பயண நூலிலும் கிடைக்கும். அவற்றை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் "ஒண்டே ஒண்டுதான்" என்று அவன் சொன்னது மனதில் நின்றுவிட்டது. மற்றப் பள்ளிகள் எங்கே போயின? அவற்றில் தொழுதவர்கள் எங்கே போனார்கள்? அவனுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் கோட்டைக்குப் போக வேண்டும். சாவா ஆறு தன்யூப் நதியில் கலக்கும் இடத்தில், மேட்டின் மேல் அது நிற்கிறது. ரோமர் காலத்தில் சிங்கிடூனம் என்று பெயர் பெற்ற இந்த இடம் பைசாந்தியர், பல்கேரியர், ஹங்கேரியர், சேர்பியர் எனப் பலர் கைக்கு மாறியது. 1456இல் சுல்தான் முஹம்மது அல்-பாத்திஹ் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1521இல் அவரது கொள்ளுப்பேரன் சுல்தான் சுலைமான் கைப்பற்றினார். கோட்டையைச் சூழ்ந்த பூங்காவின் பெயர் கலெமெக்தான். கலே என்றால் கோட்டை, மெய்தான் என்றால் மைதானம். இரண்டும் துருக்கியில் வழங்கும் சொற்கள்.

கோட்டைக்குள் இரண்டு சிறிய கட்டிடங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, 16ஆம் நூற்றாண்டில் ஸொகொல்லு முஹம்மது பாஷா கட்டுவித்த நீர்த்தாரை. இவர் விஷெகிராத் பகுதியில் ஒரு சேர்பியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அரச சேவைக்கு எடுக்கப்பட்டு, மூன்று சுல்தான்களுக்குப் பிரதம வஸீராக இருந்தவர். மற்றது தாமாத் அலி பாஷாவின் ஸியாரம். 1716இல் பெத்ரோவரதின் போரில் உயிரிழந்த பிரதம வஸீர் அவர்.

இரண்டாம் நாளை தோர்ச்சோல் பகுதிக்கு ஒதுக்கலாம். தோர்த் யோல், அதாவது நான்கு சாலைகள் கூடும் இடம். உஸ்மானியர் காலத்தில் வியாபாரம் பெருகிய பகுதி இது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்களும் இங்கே குடியிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் வந்த பயணி எவ்லியா செலெபி இந்நகரின் பள்ளிகளையும் தொழுமிடங்களையும் நூற்றுக்கணக்கில் எண்ணிச் சொல்கிறார். மிகைப்படுத்துவதில் அவர் பேர்போனவர். கணக்கில் பாதியைத் தள்ளினாலும் இது மினாராக்கள் நிறைந்த நகரமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்த மினாராக்கள் ஒரே நாளில் விழவில்லை. 1688இல் ஒஸ்திரியப் படை நகரைப் பிடித்தது. 1690இல் உஸ்மானியர் மீட்டனர். 1717இல் மறுபடி ஒஸ்திரியா. 1739இல் மறுபடி உஸ்மானியர். 1789இல் இன்னொரு தடவை பறிபோய் 1791இல் திரும்பி வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தொழுகை இடங்கள் அடிபட்டன. தோர்ச்சோலில் இன்று நிற்கும் பைராக்லி பள்ளியே 1717 முதல் 1739 வரை கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்தது. பைராக் என்றால் கொடி. தொழுகை நேரத்தை மற்றப் பள்ளிகளுக்கு அறிவிக்க இங்கே கொடி ஏற்றுவார்களாம். அப்படி அறிவிப்பதற்குச் சுற்றிலும் வேறு பள்ளிகள் இருந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

இறுதி முறிவு 1862இல் வந்தது. அதற்குள் சேர்பியா சுயாட்சி பெற்றிருந்தது. நகரில் சேர்பிய நிர்வாகமும் கோட்டையில் உஸ்மானியப் படையும் என்று இரட்டை ஆட்சி. ஜூன் மாதம் ஒரு நாள், சுக்கூர் நீரூற்றில் தண்ணீர் எடுப்பதில் தகராறு. ஒரு சேர்பியச் சிறுவன் உஸ்மானியப் படையினரால் உயிராபத்தான காயமடைந்தான். தெருவெங்கும் சண்டை பரவியது. இரண்டு நாள் கழித்துக் கோட்டையிலிருந்து பீரங்கிகள் நகரை நோக்கி வெடித்தன. ஒரு குடம் தண்ணீரில் தொடங்கிய வாய்த்தர்க்கம் ஒரு சமூகத்தின் இருப்பை முடித்து வைத்தது. அதே ஆண்டு கன்லிஜாவில் கூடிய வல்லரசுகளின் மாநாடு, கோட்டைகளுக்கு வெளியே வாழும் முஸ்லிம்கள் சேர்பியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று முடிவு செய்தது. 1867இல் கோட்டையின் திறப்புகளும் இளவரசர் மிஹாய்லோவிடம் கையளிக்கப்பட்டன.

ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்ட மக்களின் கதை நம்மில் பலருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து மௌத்தானவர்கள், வீட்டையும் கடையையும் கபுறடியையும் விட்டுப் போனார்கள். சேர்பிய நகரங்களிலிருந்து வந்த இந்த முஹாஜிர்களுக்காக, சாவா ஆற்றின் பொஸ்னியக் கரையில் ஓர் ஊர் அமைக்கப்பட்டது. சுல்தான் அப்துல் அஸீஸின் பெயரால் அதை அஸீஸிய்யா என்றார்கள். இன்றைய பெயர் ஷாமட்ஸ். 1992இல் பொஸ்னியப் போரின்போது சேர்பியப் படைகள் அந்த ஊரைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் குரோவாத்தியர்களையும் சிறைப்பிடித்தன, விரட்டின. ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அதற்காகத் தண்டனையும் வழங்கியது. 130 ஆண்டுகளில் ஒரே இடத்தில் இரண்டு இடப்பெயர்வுகளின் கதை.

பெல்கிரேட்டில், தொழ ஆளில்லாத பள்ளிகள் பாழடைந்தன. புதிய நகரத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. ஆனால் ஒரு செய்தியையும் நேர்மையாகப் பதிய வேண்டும். 1868இல், நகருக்கு வந்து போகும் முஸ்லிம்களுக்காக, பைராக்லி பள்ளியைத் திருத்திக் கொடுத்ததும் அதே சேர்பிய அரசுதான். இமாமுக்குச் சம்பளமும் கொடுத்தது. அந்த ஒன்று மிஞ்சியது அப்படித்தான்.

நம் பக்கத்துக் கணக்கையும் மறைக்கக் கூடாது. மூன்றாம் நாள் வ்ராச்சார் மேட்டிலுள்ள புனித சாவா பேராலயத்துக்கு மருமகன் கட்டாயம் போக வேண்டும். சேர்பியத் திருச்சபையின் ஸ்தாபகரான அந்தத் துறவியின் எச்சங்களை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸினான் பாஷாவின் கட்டளைப்படி எரித்த இடம் அது என்பது அவர்களது நம்பிக்கை. அதை அவர்கள் மறக்கவில்லை. 1804இல் கட்டுமீறிய ஜனிஸரித் தலைவர்கள் சேர்பிய ஊர்ப் பெரியவர்களைக் கொன்று குவித்ததே அவர்களது முதலாவது எழுச்சிக்குக் காரணம். ஆட்சி செய்தவர்கள் கலிமாச் சொன்னவர்கள் என்பதால் அநியாயம் நியாயமாகிவிடாது.

இந்தப் பழைய கணக்குகள் இன்னும் மூடப்படவில்லை. 2004 மார்ச்சில் கொசோவோவில் கலவரம் மூண்டு சேர்பியத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. அதற்குப் பதிலடி என்று ஒரு கும்பல் பைராக்லி பள்ளிக்குத் தீ வைத்தது. அங்கிருந்த நூல்களும் எரிந்தன. பள்ளி பின்னர் திருத்தப்பட்டது, தொழுகை தொடர்கிறது.

கட்டிடங்கள் போனாலும் சொற்கள் போகவில்லை. நகரின் நடுவிலுள்ள சதுக்கத்தின் பெயர் தெராஸியே. உஸ்மானியர் அங்கே அமைத்த நீர்க்கோபுரத்துக்கு, நீரின் அழுத்தத்தைச் சமன் செய்வதால் 'தராசு' என்று பெயர். நம் தராசும் அவர்களுடைய தெராஸியேயும் ஒரே பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். சட்டைப் பைக்கு அவர்கள் ஜெப் என்கிறார்கள். நம் பெரியவர்கள் ஜேபி என்றார்கள். ஜனாஸாவை நாம் சுமக்கும் சந்தூக், அங்கே பெட்டி என்ற பொருளில் அன்றாடம் வழங்குகிறது. அரபியும் பாரசீகமும் கடல்வழியாக நம்மிடமும், துருக்கி வழியாக அவர்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

தெராஸியேக்குப் பக்கத்தில் பாராளுமன்றம் இருக்கிறது. இடிக்கப்பட்ட பத்தால் பள்ளி முன்னர் நின்றது அந்தச் சுற்றாடலில்தான். 1961 செப்டெம்பரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு அந்தக் கட்டிடத்திலேயே கூடியது. டிட்டோ, நேரு, நாஸர், சுகர்னோ ஆகியோரோடு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் அங்கே அமர்ந்திருந்தார். அதே இயக்கத்தின் ஐந்தாவது மாநாடு 1976இல் கொழும்பில் நடந்தது. நம் நாட்டுப் பிள்ளை ஒருவன் அந்த வாசலில் நின்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருமகனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழம அங்க நிக்கிற மாதிரிப் பயணத்த ஒழுங்கு செய்யுங்க மகன். ஜும்ஆவுக்கு பைராக்லி பள்ளிக்குப் போங்க. போறதுக்கு முந்தி தோப்ராச்சினா தெருவுல சுக்கூர் நீரூற்று இரிக்கி, அதையும் பாருங்க. குடத்தோட ஒரு பொடியன்ட வெண்கலச் சிலை வெச்சிருக்காங்க. அந்தப் பொடியனுக்காகவும், அவன்ட பேரால ஊர விட்டுப் போனவங்களுக்காகவும் கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போங்க."