தகரக் குவளையில் கூலி

ஒயினைக் குடிக்கக் கூடாது, ருசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள் அந்தப் பெண். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டி, பக்கத்து வாளியில் துப்பிவிட வேண்டுமாம். எனக்குத் துப்ப வரவில்லை. எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் கலயம் கட்டி நடக்கவைக்கப்பட்டவர்களின் வரலாற்றைப் படித்து வந்தவள் நான். விழுங்கிவிட்டேன். நன்றாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

இடம், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் ராபர்ட்சன். விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றுக்காகக் கேப்டவுன் போயிருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் தன் காரில் கூட்டிப்போனார். மலையைக் குடைந்து 1988இல் திறந்த ஹியூகனாட் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மண் காய ஆரம்பிக்கிறது. வடக்கே லாங்கபெர்க் மலைத்தொடர், தெற்கே இன்னொரு தொடர், நடுவில் பிரீட ஆறு. வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. வாய்க்கால் எட்டும்வரை திராட்சை, எட்டாத இடமெல்லாம் புதர்க்காடு.

அன்று மூன்று ஒயின் பண்ணைகளுக்குப் போனோம். மூன்றிலும் ஒரே கதைதான். சுண்ணாம்பு மண், பகல் வெயில், சாயங்காலம் கடல் பக்கமிருந்து வரும் காற்று, எல்லாம் ஒயினில் தெரியுமாம். சுவரில் பண்ணைக்காரரின் கொள்ளுத்தாத்தா படம். மண்ணுக்கும் காற்றுக்கும் வரலாறு இருக்கிறது, குலை அறுத்த கைக்கு மட்டும் இல்லை. தோழர் வாயே திறக்கவில்லை. அவருடைய குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர். அந்தப் பக்கம் செப்டம்பர், பெப்ரவரி, ஏப்ரல் என்றெல்லாம் குடும்பப் பெயர்கள் உண்டு. அடிமைகளுக்கு எசமானர்கள் வைத்த பெயர்கள் அவை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் இறங்கியது. 1659 பெப்ரவரி 2 அன்று முதன்முதலாகத் திராட்சை பிழிந்ததைத் தளபதி வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒயின்காரர்கள் எல்லோரும் இந்தத் தேதியைச் சொல்வார்கள். அதே 1659இல்தான் மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த கோய்கோய் மக்கள் டச்சுக்காரர்களோடு முதல் போர் நடத்தினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு முந்தைய வருஷமே அடிமைக் கப்பல்கள் வந்துவிட்டன. 1808இல் வியாபாரம் தடுக்கப்படும்வரை சுமார் 63,000 பேர் கொண்டுவரப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், இலங்கை, அப்புறம் சோழமண்டலக் கரை.

ஆமாம், நம் கரைதான். பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை இருந்தது. நாகப்பட்டினத்தை 1658இல் பிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் தஞ்சைப் பக்கம் படையெடுப்பும் பஞ்சமும் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் போனார்கள். பின்னால் கேப்புக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயருக்குப் பின்னே 'வான் கோரமண்டல்' என்று எழுதினார்கள். ஊர் இல்லை, அப்பன் பெயர் இல்லை, சாதி இல்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போவது யார் வீட்டுப் பிள்ளை என்று நம்ம சனத்துக்கு ஏடு பார்த்தா தெரியணும்?

1834இல் அடிமைமுறை ஒழிந்தது என்றார்கள். பயிற்சிக்காலம் என்று சொல்லி மேலும் நாலு வருஷம் அதே எசமானிடம் கட்டிவைத்தார்கள். 1856இல் எசமானர் வேலையாள் சட்டம். வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறை. சங்கிலிக்குப் பதில் சட்டம் வந்தது. சட்டத்தோடு டொப் இருந்தது.

டொப் என்றால் ஒரு மடக்கு. விற்க லாயக்கில்லாத மட்ட ஒயினைக் கூலியின் ஒரு பங்காகக் கொடுப்பது. பண்ணைக்காரனுக்குச் செலவுமில்லை, தொழிலாளிக்கு ஓட வழியுமில்லை. 1960களிலேயே சட்டம் தடுத்தும் 1990கள்வரை சில பண்ணைகளில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். சாயங்காலம் தோழர் ஒரு முதிய அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஐம்பது வருஷம் திராட்சை அறுத்தவர். அவர் ஆப்பிரிக்கான்ஸில் சொல்லச் சொல்லத் தோழர் மொழிபெயர்த்தார்.

"சூரியன் வர்றதுக்கு முன்னாடி மொதக் குவளை. ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவை. மேஸ்திரி வாளியோட வருவான், எல்லாருக்கும் ஒரே தகரக் குவளை. எங்கப்பன் வீட்டுக்கு வந்தா காசு இருக்காது, வாசனை இருக்கும்."

எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. ஆண்டை அறுப்புக்குக் கள்ளு வாங்கிக் குடுத்தா அன்னிக்கி நெல்லுல ஒரு மரக்கா கொறையும் என்பாள். தாத்தாவைக் குடிகாரன் என்று ஊரே சொன்னது, அவருக்கு ஊற்றியவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. அங்கேயும் அதேதான். 'கலர்ட்' மக்கள் என்றால் குடிகாரர்கள் என்று ஒரு பேச்சு. மேற்குக் கேப்பின் திராட்சை ஊர் ஒன்றில் முதல் வகுப்புக் குழந்தைகளைச் சோதித்து 2000இல் வெளியான ஆய்வு, ஆயிரத்துக்கு 40 பேருக்கு மேல், தாய் வயிற்றிலேயே மது தாக்கிய பாதிப்போடு பிறந்தவர்கள் என்றது. உலகில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். உடனே எல்லோரும் தாய்மாரைத் திட்டினார்கள். முன்னூறு வருஷமாக ஊற்றிய கை எங்கே போனது?

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. 2012 நவம்பரில் பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள டி டோர்ன்ஸில் வேலைநிறுத்தம் மூண்டு ராபர்ட்சன்வரை பரவியது. நாள்கூலி 69 ராண்ட், கேட்டது 150. குறைந்தது மூன்று உயிர் போனது. 2013 மார்ச்சில் 105 ஆனது. 2016இல் ராபர்ட்சன் ஒயின் ஆலை ஒன்றில் 14 வாரம் வேலைநிறுத்தம். நாங்கள் ருசி பார்த்த இடங்களில் இதற்கெல்லாம் ஒரு படம்கூட இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார், உங்க ஊர்ல திராட்சை உண்டா? உண்டு, கம்பம் பள்ளத்தாக்குல, மலையடிவாரந்தான், பொம்பளைங்கதான் அறுக்கிறாங்க என்றேன். கூலி கேட்டார். தோழர் ராண்டில் கணக்குப் போட்டுச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "வீடு யாருது, பண்ணைக்காரனுதா?" என்றார். அங்கே வேலை போனால் வீடும் போகும். இல்லம்மா, வீடு நம்மளுது, ஆனா ஊருக்கு வெளியில என்றேன். தோழர் அதை மொழிபெயர்த்தார். அவருக்குப் புரியவில்லை. எதுக்கு வெளியில, என்று மறுபடி கேட்டார்.