ஜாவாவும் பழைய நிரலும்: இணக்கத்தின் விலை (1996–2022)

முன்னுரை

ஜொகூரில் செடெனாக்கிலும் நுசாஜெயாவிலும் தரவு மையங்கள் அடுத்தடுத்து எழுகின்றன. கட்டடமும் கணினியும் புதியவை என்பதால் அங்கே ஓடும் நிரலும் புதியதாகிவிடாது. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய ஜாவா நிரல்கள் உலகெங்கும் இன்னும் உழைக்கின்றன. அவை தொடர்ந்து ஓடுவதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

ஜாவா வல்லுநர்கள் இணக்கத்தை மூவகையாகப் பிரிப்பர்: பழைய மூலநிரல் மீண்டும் கம்பைல் ஆவது; முன்பே கம்பைல் செய்த கோப்பு அப்படியே ஓடுவது; ஓடும்போது பழைய விடையையே தருவது. இம்மூன்றையும் ஜாவா ஒரே தட்டில் வைத்ததில்லை.

புதிய நிரல் கொடுத்த விலை

1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. கம்பைல் செய்த ஒவ்வொரு கோப்பும் தன் பதிப்பெண்ணைத் தாங்கி நிற்கும்; புதிய மெய்நிகர் இயந்திரம் பழைய எண்ணை ஏற்கும். 2002இல் 1.4ஆம் பதிப்பு ‘அசர்ட்’டைக் காப்புச்சொல்லாக்கியபோது, அதை மாறிப்பெயராக வைத்திருந்த மூலநிரலைப் புதிய விதிப்படி கம்பைல் செய்ய முடியவில்லை, கம்பைல் செய்த கோப்புக்கோ பாதிப்பில்லை. 2018இல் பத்தாம் பதிப்பில் ‘வார்’ வந்தபோது அது காப்புச்சொல்லாக்கப்படவில்லை. அப்பெயர் கொண்ட பழைய மாறிகள் தப்பின.

பெரிய சோதனை 2004இல் ஐந்தாம் பதிப்பின் ஜெனரிக்ஸ், அதாவது ஒரு பட்டியலின் உறுப்புகள் எந்த வகை என்று நிரலிலேயே அறிவிக்கும் வசதி. பிராக்கா, ஓடர்ஸ்கி, ஸ்டவுட்டமயர், வாட்லர் ஆகியோர் 1998இல் முன்வைத்த வடிவமே அதன் அடிப்படை. உறுப்பின் வகையைக் கம்பைலர் சரிபார்த்துவிட்டு அழித்துவிடும். ஓடும்போது எஞ்சுவது வெறும் பட்டியல். அதனால் பழைய நூலகமும் புதிய நிரலும் ஒரே பட்டியலைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் புதிய நிரல் அதற்கு விலை கொடுத்தது: எந்த வகைக்கான பட்டியல் இது என்று ஓடும்போது கேட்க வழியில்லை. 2014இல் எட்டாம் பதிப்பு, இடைமுகத்துக்குள்ளேயே இயல்புச் செயற்கூறுகளை அனுமதித்து, பழைய வகுப்புகளை உடைக்காமல் பட்டியல்களுக்குப் புதுத் திறன் சேர்த்தது.

திசைமாற்றம்

2017இல் ஒன்பதாம் பதிப்பின் மாட்யூல் அமைப்பு, ஜாவாவின் உள்ளறைகளை வெளி நிரல்களுக்குப் பூட்டத் தொடங்கியது. உடனே பூட்டவில்லை: முதலில் எச்சரிக்கை, 2021இல் பதினாறாம் பதிப்பில் இயல்பாகவே மறுப்பு, பதினேழில் அம்மறுப்பை மொத்தமாகத் தளர்த்தும் விருப்பமே நீக்கம். ஒன்பதில் நீக்க அறிவிப்புப் பெற்ற கோர்பா என்னும் தொடர்புத் தொகுதி 2018இல் பதினொன்றில் வெளியேறியது. விலை இப்போது பழைய நிரலின் பக்கம் சாய்ந்தது, தவணை முறையில்.

தமிழ்த் தரவின் நிலை

2022 மார்ச்சில் வந்த பதினெட்டாம் பதிப்பு யூடிஎப்-8ஐ இயல்பு எழுத்துக்குறியாக்கம் ஆக்கியது. அதற்கு முன், ஆங்கிலமோ மலாயோ அமைத்த விண்டோஸ் கணினியில், குறியாக்கத்தைச் சொல்லாமல் கோப்பில் எழுதிய யூனிகோடு தமிழ் கேள்விக்குறிகளாகும். அந்தக் குறை தீர்ந்தது. திஸ்கி போன்ற பழைய எட்டுபிட் தமிழ்க் குறியாக்கக் கோப்புகளுக்கோ நிலைமை தலைகீழ். பழைய நிரல் அவற்றை யூடிஎப்-8 என்று கருதிப் படித்தால் பிழையான பைட்டுகளுக்கு மாற்றுக்குறி விழும்; திரும்ப எழுதினால் மூலமே அழியும். பழைய நடத்தையை மீட்கும் இயக்க விருப்பம் உண்டு. அது தேவை என்பதை நிரல் தானாகச் சொல்லாது.

முடிவுரை

கம்பைல் செய்த கோப்பைக் காப்பதில் ஜாவா காட்டிய பிடிவாதம், விடையைக் காப்பதில் இல்லை. ஆகவே பழைய அமைப்பைப் புதிய தரவு மையத்துக்கு மாற்றுவோர், நிரல் ஓடுகிறதா என்பதோடு நிற்காமல், பழைய கோப்புகளைக் கொடுத்து விடைகளையும் ஒப்பிட வேண்டும்.