கண்டியில் மூண்ட கலகமும் கடுஞ்சட்டங்களும்

நம் கண்டி மாநகரின் சரித்திரத்திலே 1915ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு மே 28ஆந் தேதி, வெசாக் ஊர்வலம் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலை அணுகியபோது மூண்ட சிங்கள-முஸ்லிம் கலகம் சில நாளில் கொழும்பு வரை பரவியது. முஸ்லிம் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். அதை அடக்குதல் அரசின் கடமையே. ஆயின் ஜூன் 2ஆந் தேதி தேசாதிபதி சாமர்ஸ் பிரகடனஞ் செய்த இராணுவச் சட்டம், கலகம் தணிந்த பின்னரும் ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. எட்வேர்ட் ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7இல் சுடப்பட்டார். அத்துமீறிய அதிகாரிகளை வழக்கினின்று காக்கவும் ஒரு கட்டளை பிறந்தது! இவற்றைச் சட்டநிரூபண சபையிலே எடுத்துரைத்தவர் தமிழராகிய பொன்னம்பலம் இராமநாதன். முஸ்லிம்களின் துயரை அவர் போதியளவு பேசவில்லை என்ற குறையையும் நாம் மறைத்தலாகாது.

அன்று சிறைப்பட்டோருள் டி. எஸ். சேனநாயக்காவும் ஒருவர். அவர் அரசாங்க சபை முதல்வராயிருந்த 1947இலேதான், வேலைநிறுத்தத்தின் நடுவே, பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

1979இல் மூன்றாண்டுக்கென வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. மந்திரியின் கட்டளையால் ஒருவரை வழக்கின்றி 18 மாதம் தடுத்துவைக்க அது இடமளித்தது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலமும் சாட்சியமாயிற்று. இவ்வளவும் கையிலிருந்தும், 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாயிலிலே குண்டு வெடித்தது. பாதுகாப்பு வேண்டாமென யார் சொல்வார்? காலவரையும் நீதிபதியின் கண்காணிப்பும் வேண்டுமென்பதே நம் வாதம்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளிலே முஸ்லிம்கள் மீண்டும் தாக்கப்பட்டனர். 6ஆந் தேதி பிரகடனமான அவசரகாலநிலை இம்முறை இரு வாரத்துள் நீங்கியது.