வரிசைக்கும் அணைக்கும் ஒரே கணக்கு



என் தம்பியின் குறுவை நெல் எட்டு நாளாகக் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. முந்தாநாள் மழையில் அடிநெல் முளைவிட்டுவிட்டது. பிரபு சாரின் நினைவு வந்தது.

என். யு. பிரபு 1924இல் அன்றைய சென்னை மாகாணத்துக் கோழிக்கோட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1958லேயே அணை நீர்த்தேக்கக் கணக்கை ஆராய்ந்தார். அணையில் நீர் ஏறுவதும் வரிசையில் ஆள் சேருவதும் அவருக்கு ஒரே வகைக் கணக்கு: வரத்து நிச்சயமில்லை, வெளியேற்றத்துக்கோ ஓர் எல்லை உண்டு. 1965இல் இதைப் பற்றி நூல் எழுதினார். 1986இல் வரிசைக் கணக்குக்கென்றே ஆய்விதழ் தொடங்கினார். 2022இல் காலமானார்.

நெல் வரத்து, மூட்டை பிடிக்கும் வேகத்தை மிஞ்சக்கூட வேண்டாம்; நெருங்கினாலே காத்திருப்பு மளமளவென்று ஏறும். மேட்டூர் நீர்மட்டத்தை நாம் தினமும் விசாரிக்கிறோம். அறுவடைக்கு எத்தனை தராசு என்று எவரும் கேட்பதில்லை (நானும்தான்).

தம்பி இன்றும் அங்கேதான் படுத்திருக்கிறான்.